மேளத்தை யார் சுமப்பது?

தலைமைப் பண்புப் பயிலரங்கம் நடத்தாத கல்லூரியை இன்று நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். சனிக்கிழமை காலை குத்துவிளக்கு. வெளியூரிலிருந்து வந்த பயிற்சியாளருக்குப் பொன்னாடை. பிறகு ஒலிபெருக்கியும் கையுமாக அவர் மேடைக்கும் மாணவர்களுக்கும் இடையே நடந்துகொண்டே இருப்பார். கண்ணை மூடி லட்சியத்தைக் கற்பனை செய்யச் சொல்வார். காகிதக் குவளைகளை அடுக்கிக் கோபுரம் கட்டச் சொல்வார். ஞாயிறு மாலை சான்றிதழ். இரண்டே நாளில் நூறு தலைவர்கள் உருவாகிவிடுகிறார்கள். பின்தொடர்வதற்குத்தான் ஆளில்லை.

வார இறுதியில் மாணவர்கள் கூடுவதில் எனக்கு மறுப்பில்லை. எதற்கான தலைமை என்ற கேள்வியை அங்கு யாரும் கேட்பதில்லை என்பதே என் மனக்குறை. செய்வதற்கு ஒரு வேலை இருந்து, அந்த வேலையைப் பலர் சேர்ந்து செய்யவேண்டியிருந்து, அதில் ஒருவர் மற்றவரைவிடக் கொஞ்சம் முன்னால் வந்து பொறுப்பேற்கும்போது உண்டாவதுதான் தலைமை. வேலையை எடுத்துவிட்டுத் தலைமையை மட்டும் தனியே காய்ச்சி எடுக்க முடியும் என்று நம்புவது, தேயிலை இல்லாமல் சாயா போடும் வித்தை.

இதற்கு நேர்மாறான ஒரு முன்மாதிரி, நாம் சற்றும் எதிர்பாராத ஓர் இடத்தில், அமெரிக்கக் கல்லூரிகளின் வாத்தியக் குழுக்களில் இருக்கிறது. அங்கே கால்பந்தாட்ட மைதானத்தில் சீருடையணிந்து, அணிவகுத்து, நடந்தபடியே வாசிக்கும் குழு என்பது பல்கலைக்கழகத்தின் கௌரவச் சின்னம். அப்படிப்பட்ட குழு ஒன்றில், ஓக்லஹோமா மாநிலத்தின் ஸ்டில்வாட்டர் என்ற சிற்றூரில் இருந்த வேளாண்மைக் கல்லூரியில், 1919 நவம்பர் 27ஆம் நாள் கப்பா கப்பா சை என்றொரு மாணவர் சங்கம் தொடங்கப்பட்டது. இன்று ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகம் என்று பெயர் பெற்றிருப்பது அந்தக் கல்லூரிதான். சங்கத்தை முன்னெடுத்தவர் வில்லியம் ஸ்க்ராக்ஸ் என்ற மாணவர். குழுவின் இயக்குநராக இருந்தவர் பொகுமில் மக்கோவ்ஸ்கி, பொகீமியாவிலிருந்து குடியேறியவர். முதல் உறுப்பினர்கள் பத்துப் பேர்.

கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட மாணவர் சகோதரத்துவங்கள் அமெரிக்காவில் ஏராளம். பெரும்பாலானவை சேர்ந்து தங்குவதற்கும் கொண்டாடுவதற்கும் பிற்காலத்தில் வேலை வாங்கித் தருவதற்கும் ஆனவை. இது வேறு வகை. வாத்தியக் குழுவுக்குச் சேவை செய்வதே இதன் நோக்கம். உறுப்பினர்களும் வாசிப்பவர்கள்தான். ஆனால் வாசித்து முடித்த பிறகும் அவர்களுக்கு வேலை இருக்கிறது. நாற்காலி போடுவது, இசைத்தாள்களைப் படியெடுத்து அடுக்குவது, வெயிலில் அணிவகுப்பவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோவது, சீருடைகளைக் கணக்கெடுப்பது, வண்டியில் வாத்தியங்களை ஏற்றி இறக்குவது, புதிய வாத்தியம் வாங்கப் பணம் திரட்டுவது. இவற்றில் ஒன்றுகூடக் கைதட்டல் வாங்கித் தராது. இந்தச் சங்கத்தின் தலைமையகம்கூட ஸ்டில்வாட்டரின் பழைய ரயில் நிலையக் கட்டிடத்தில்தான் இருக்கிறது என்பது எனக்கு ஏனோ பொருத்தமாகப் படுகிறது. சுமை ஏற்றி இறக்கிய இடம் அல்லவா.

இவர்களும் வார இறுதிகளில் கூடுகிறார்கள். நாட்டை ஆறு மாவட்டங்களாகப் பிரித்து ஆண்டுதோறும் மாவட்ட மாநாடு, அதுபோக ஒற்றை எண் ஆண்டுகளில் தேசிய மாநாடு, இவற்றுக்கு இடையே கிளைகளின் பொறுப்பாளர்களுக்கான தலைமைப் பயிற்சிக் கூட்டங்கள். பேசப்படும் விஷயங்கள் மிகச் சாதாரணமானவை. பொருளாளர் கணக்கை எப்படி எழுதுவது, புதிய மாணவர்களை எப்படிச் சேர்ப்பது, இயக்குநருக்கும் மாணவர்களுக்கும் இடையில் மனத்தாங்கல் வந்தால் என்ன செய்வது. ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் திங்கட்கிழமை காத்திருக்கும் ஒரு வேலை இருக்கிறது. மாநாடுகளில் பல கல்லூரிக்காரர்கள் கலந்து உட்கார்ந்து, முன்பின் பார்க்காத இசைத்தாளை வைத்து ஒன்றாக வாசிப்பதும் உண்டு. அறிமுகமில்லாத ஒருவரின் மூச்சைக் கேட்டு நம் மூச்சை இழுக்கக் கற்றுக்கொள்வதைவிட நல்ல பயிற்சி வகுப்பு இருக்கமுடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சகோதரத்துவம் என்றால் ஆண்கள் மட்டும். ஆகவே டெக்சாஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் வாவா பேன்ஸ் என்ற மாணவியும் தோழிகளும் வாத்தியக் குழுப் பெண்களுக்கென்று ஒரு சங்கத்துக்கு முயன்றார்கள். முயற்சி ஆண்டுக்கணக்கில் இழுத்தது. டௌ பீட்டா சிக்மா என்ற அந்தச் சகோதரிகள் சங்கம் 1946இல்தான் முறைப்படி பதிவானது. அதுவும் டெக்சாஸ் சட்டச் சிக்கலால் முதல் கிளை என்ற பெயர் ஓக்லஹோமாவுக்குப் போய்விட, பாடுபட்டவர்களுக்கு இரண்டாம் இடம். 1970களின் பிற்பகுதியில் இரு சங்கங்களும் இருபாலருக்கும் கதவைத் திறந்தன. ஆனாலும் இன்றுவரை தனித்தனியாகவே இருந்துகொண்டு மாநாடுகளை மட்டும் சேர்ந்து நடத்துகின்றன.

இதெல்லாம் அமெரிக்கச் சரக்கு, நமக்கு எதற்கு என்று கேட்கலாம். இசையும் ஊழியமும் ஒன்றாக வந்த வரலாறு நாகர்கோவிலுக்கு அந்நியமானதல்ல. புத்தேரிப் பக்கம் கேதரின் பூத் மருத்துவமனையைக் கடந்து போகாத நாஞ்சில்நாட்டுக்காரர் உண்டா? அதை நடத்தும் இரட்சணிய சேனையின் முதல் வாத்தியக் குழு 1878இல் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் பிறந்தது. சார்லஸ் ஃப்ரை என்ற கட்டிடத் தொழிலாளரும் மூன்று மகன்களும், தெருவில் பிரசங்கிப்பவர்களை ரௌடிகளிடமிருந்து காக்கத் துணைக்குப் போனவர்கள், போகும்போது பித்தளை வாத்தியங்களையும் எடுத்துக்கொண்டு போனார்கள். காவலுக்குப் போனவர்கள்தான் வாத்தியக்காரர்கள் ஆனார்கள். அந்த சேனையில் வாத்தியம் வாசிப்பது கூலியில்லா ஊழியம்.

சரி, நம் சொந்த மேளங்களுக்கு வருவோம். நாஞ்சில்நாட்டின் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களில் அம்மன் கொடை என்றால் வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும். மேற்கே கல்குளம், விளவங்கோடு போகப்போகச் செண்டையும் இலைத்தாளமும் சிங்காரி மேளமும் கூடிக்கொண்டே வரும். தேவாலயத் திருவிழாக் கொடியேற்றத்துக்கு பேண்டு வாத்தியம். இத்தனை தாளங்கள் இவ்வளவு சிறிய நிலப்பரப்பில் வேறெங்கும் இப்படிக் குவிந்து கிடக்குமா என்பது சந்தேகமே. இந்த மண்ணில் கல்லூரிகளும் பல. ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியின் வேர் 1809ஆம் ஆண்டு வரை போகிறது. இந்துக் கல்லூரி 1952இல் வந்தது, ஹோலி கிராஸ் 1965இல். எல்லா வளாகங்களிலும் ஓணம், பொங்கல், கல்லூரி நாள் என்று ஏதாவது ஒன்றுக்கு மேளம் ஒலிக்கிறது.

அந்த நாட்களில் நான் கவனிப்பது ஒன்றுதான். செண்டைக்காரர்கள் வேனிலிருந்து தாங்களே இறக்கி, தாங்களே சுமந்து வருவார்கள். வெயிலில் மணிக்கணக்கில் தோள்வார் அழுந்த நின்று அடிப்பார்கள். முன்னால் மாணவர்கள் ஆடுவார்கள், கைப்பேசியில் படம் எடுப்பார்கள். முடிந்ததும் விருந்தினர்களுக்குக் கல்லூரி அரங்கில் இலை போடப்படும். மேளக்காரர்களுக்கு மரத்தடியில் பொட்டலம். இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. யாருக்கும் அது கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

படாமல் போனதற்குக் காரணம் பழையது. தோளில் துண்டு போட்டுக்கொள்ளும் உரிமைக்காக நாகஸ்வரக் கலைஞர்கள் போராடவேண்டியிருந்த தமிழகம் இது. தோள்சீலைக்காகப் பெண்கள் போராடி 1859இல் அரச அறிவிப்பு வாங்கவேண்டியிருந்த, சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கே 1926இல் சத்தியாகிரகம் செய்யவேண்டியிருந்த மாவட்டம் இது. மேளத்தை ரசிக்கலாம், சுமக்கக்கூடாது என்பது நம் ரத்தத்தில் ஊறிய இலக்கணம். தவிலைத் தொட்டுத் தூக்கினால் ஏதோ குறைந்துவிடும் என்று வாய்விட்டு யாரும் சொல்வதில்லை. ஆனால் யாரும் தூக்குவதுமில்லை.

சேவை என்ற சொல் நம் மாணவர்களுக்குப் புதிதல்ல. 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு 240 மணி நேரம் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம். கிராமத்துக்குப் போய்க் கோயில் குளத்தைச் சுத்தம் செய்கிறார்கள். நல்லது. அந்த 240 மணியில் ஒரு நாற்பது மணியைக் கல்லூரி வாசலுக்கு வரும் கலைஞனுக்கு ஒதுக்கினால் என்ன?

ஒரு எச்சரிக்கையும் உண்டு. சங்கம், சகோதரத்துவம், சேர்க்கைச் சடங்கு என்றெல்லாம் ஆரம்பித்தால் அதன் இருட்டுப் பக்கமும் கூடவே வரும். ஃப்ளோரிடாவின் புகழ்பெற்ற பல்கலைக்கழக வாத்தியக் குழு ஒன்றில், 2011 நவம்பரில், பேருந்துக்குள் நடந்த சடங்கு ஒன்றில் சக மாணவர்களாலேயே ஒரு மாணவர் அடித்துக் கொல்லப்பட்டார். நமக்கும் 1996இல் நாவரசுவின் கொலை இருக்கிறது. அதற்குப் பிறகு 1997இல் சட்டம் வந்தது. மூத்தவன் இளையவனைப் பணிய வைப்பதைத் தலைமை என்று எண்ணும் நோய்க்கு நாடு கிடையாது. ஆகவே கிரேக்க எழுத்தும் ரகசியச் சடங்கும் நமக்கு வேண்டவே வேண்டாம். சுமையை மட்டும் எடுத்துக்கொள்வோம். மூத்த மாணவன் முதலில் தூக்கவேண்டும் என்ற ஒரே விதி போதும்.

இந்த மாவட்டத்தில் ஏதாவது ஒரு கல்லூரி அடுத்த பயிலரங்கத்தை இப்படி நடத்திப் பார்க்கலாம். பத்து மாணவர்கள், பத்து மாணவிகள். சனிக்கிழமை காலையில் கல்லூரிக் கிடங்கைத் திறந்து, துருப்பிடித்துக் கிடக்கும் பேண்டு டிரம்களையும் குழல்களையும் வெளியே எடுத்துத் துடைத்துப் பட்டியல் போடட்டும். எதற்குத் தோல் மாற்றவேண்டும், என்ன செலவாகும், பணம் எங்கிருந்து வரும் என்று மதியம் உட்கார்ந்து பேசட்டும். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு வகுப்பெடுக்க, தவிலுக்கு வார் பிடிக்கத் தெரிந்த ஒரு கலைஞரைத் தோவாளைப் பக்கத்திலிருந்து அழைக்கட்டும். அவருக்குப் பொன்னாடை வேண்டாம். வெளியூர்ப் பயிற்சியாளருக்குக் கொடுக்கும் அதே தொகையை, அதே உறையில் போட்டுக் கொடுத்து, மற்றவர்களோடு அதே பந்தியில் இலை போடட்டும். வேன் வந்து நிற்கும்போது தவிலை இரண்டு பேர் போய் இறக்கட்டும்.