குளிர் எட்டாம் வகுப்போடு நிற்பதில்லை

மார்கழி பிறந்தால் போதும், ‘பத்து உடுப்பு, முப்பது தோற்றம்’ என்று ரீல்ஸ் வரத் தொடங்கிவிடும். குறைவாக வாங்கு, இருப்பதையே மாற்றி மாற்றிப் போடு. நல்ல பழக்கம்தான், அதோடு எனக்குச் சண்டை இல்லை. வார இறுதியில் பைக்கில் ஜவ்வாது மலைக்கு வந்து, அங்குள்ள மலையாளிப் பழங்குடிகளைப் படமெடுத்து ‘எளிமையின் அழகு’ என்று போடுகிறார்களே, சண்டை அவர்களோடுதான்.

ஆய்வுக்காக மூன்று குளிர்காலங்களாக ஜமுனாமரத்தூர் பக்கத்து ஊர்களுக்குப் போய்வருகிறேன். ஊட்டி அளவுக்குக் குளிராது. ஆனால் விடியும் முன்பே கொல்லைக்குப் போகிறவர்களுக்கும் பனிக்குள் பள்ளிக்கூடத்துக்கு நடக்கிற பிள்ளைகளுக்கும் இந்தக் குளிரே அதிகம். சீருடைக்கு மேல் அப்பாவின் முழுக்கைச் சட்டை, தோளில் லுங்கி, காதை மூடிக் கட்டிய துண்டு. பழைய சேலைகளை மடித்துத் தைத்தால் போர்வை. கற்பனைக்குக் குறைவே இல்லை. “இது எங்கப்பா சட்டைக்கா. பகல்ல நான் போடுவேன், ராத்திரி அவரு காவலுக்குப் போட்டுக்கிட்டுப் போவாரு” என்றாள் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி. ஒரே சட்டைக்கு இரண்டு ஷிப்டு. இதை மினிமலிசம் என்பீர்களா தோழர்களே?

நம் ஊரில் யார் எவ்வளவு உடுத்தலாம் என்று அளந்தது சாதி. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் எதுவும் கூடாது. பணியாதவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மதுரையில் காந்தி மேல்சட்டையைத் துறந்ததை நாம் பாடத்தில் படித்தோம். துறக்க அவரிடம் சட்டை இருந்தது. அம்பேத்கர் கோட்டைக் கழற்றவில்லை. 1927 டிசம்பரில் மகாத்தில் கூடிய பெண்களிடம், சாதியைக் காட்டிக்கொடுக்கும் விதமாகச் சேலை கட்டாதீர்கள் என்றுதான் கேட்டார்.

பழங்குடிகளின் வரலாறு வேறு, அதைத் தலித் வரலாற்றோடு போட்டுக் குழப்பவில்லை. ஆனால் ‘இவர்களுக்கு இது போதும்’ என்று அடுத்தவர் உடம்புக்கு அளவு சொல்லும் திமிர் ஒன்றேதான். டிசம்பரில் மலையேறும் பழந்துணி வேன்களில் அதைப் பார்க்கலாம். ஜிப் போன ஜாக்கெட், ஏதோ கம்பெனியின் பெயர் அச்சடித்த டீஷர்ட், ஒருமுறை பட்டு ஜாக்கெட்டுகூட வந்தது (குளிருக்கு!). வாங்கியவர்களை வரிசையில் நிறுத்திப் படம் வேறு.

அரசிடம் திட்டம் இல்லாமல் இல்லை. மலைப்பகுதிப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை கம்பளி ஸ்வெட்டர் உண்டு. ஒன்பதுக்குப் போனதும் குளிர் விட்டுவிடுமா? மலையில் பிள்ளைகள் படிப்பை நிறுத்துகிற வயதும் அதுதான். பன்னிரண்டாம் வகுப்பு வரை, அளவெடுத்து, ஐப்பசி முடிவதற்குள் கொடுக்க வேண்டும். இதைக் கேட்டு நாம் எத்தனை மனு எழுதியிருக்கிறோம்? தனியாகக் கொடுத்தே தீருவேன் என்பவர்கள் புதிதாக வாங்குங்கள், நிறத்தை அந்தப் பெண்ணே தேர்ந்தெடுக்கட்டும், செல்போனைப் பையிலேயே வைத்திருங்கள்.