நோம்பிக்கும் கூலி வேண்டும்!



பொங்கலை ஒட்டி நம் கொங்குச் சீமையில் பூப்பறிக்கும் நோம்பி வருகிறது. பெண்டு பிள்ளைகள் கட்டுச்சோற்றுடன் கூட்டமாகக் கிளம்பி, ஆவாரம்பூப் பறித்து, கும்மியடித்து, பொழுதுசாயத் திரும்புவார்கள். கிணத்துக்கடவுக்காரருக்கு இதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

சீனத்திலும் இதுபோல் உண்டு. வசந்தத்தில் கூடி வெளியே உலாப் போவதை அவர்கள் மொழியில் 'தாச்சிங்' என்கிறார்கள். 'பசுமையை மிதித்தல்' என்று பொருள். அவர்கள் பஞ்சாங்கப்படி ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் மலையேறுவார்கள். வசந்த உலாவுக்குரிய சிங்மிங் திருநாள் 2008 முதல் அங்கே அரசு விடுமுறை.

இங்கே நிலைமை என்ன? 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆலைத் தொழிலாளிக்கு 4 தேசிய விடுமுறையும் 5 பண்டிகை விடுமுறையும் சம்பளத்தோடு உண்டு. காட்டில் களைவெட்டும் பெண்ணுக்கோ அந்தச் சட்டம் இல்லை. நோம்பிக்குப் போனால் அன்றையக் கூலி போயிற்று!

உழைப்பவனுக்கு மலையும் காற்றும் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். பஞ்சுத் தூசி குடித்த நெஞ்சுக்கும், குனிந்தே ஒடிந்த முதுகுக்கும் அல்லவா அவை முதலில் வேண்டும்!

விவசாயத் தொழிலாளிக்கும் கூலியோடு பண்டிகை விடுமுறை! ஆலைத் தோழர்களும் சேர்ந்து இக்கோரிக்கையைச் சங்கக் கூட்டங்களில் எழுப்புவோம்!