பெரியவர்களுக்கும் ஓட்டிசம் உண்டு

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

ஏப்ரல் 2 வந்தால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் நீல நிறப் படங்கள் வரத் தொடங்கும். உலக ஓட்டிச விழிப்புணர்வு தினம். ஐ.நா. பொதுச்சபை தீர்மானித்து 2008 முதல் அனுஷ்டிக்கப்படும் நாள். படத்தில் எப்போதும் ஒரு சின்னப் பையன் இருப்பான். "பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உங்கள் பிள்ளை திரும்பிப் பார்க்கிறதா?" என்று கீழே கேட்டிருக்கும். நல்ல கேள்வி. அந்தப் பையனுக்கு முப்பத்தைந்து வயதானால் அவனிடம் என்ன கேட்பது என்று ஒரு படத்திலும் இருக்காது.

நான் அந்த வயதுக்காரி. சென்ற வருடம் கொழும்பில் ஒரு மனநல வைத்தியர் மூன்று தடவை கூப்பிட்டு நீண்ட நேரம் கதைத்த பிறகு, எனக்கு ஓட்டிசம் என்று உறுதிப்படுத்தினார். இதைக் கேள்விப்பட்ட எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "கலியாணம் முடிச்சு, பிள்ளையும் பெற்று, தொழிலும் பார்க்கிறீங்க. இந்த வயசில இது தெரிஞ்சு என்ன பிரயோசனம்?" தனித்தனியாகப் பதில் சொல்லிக் களைத்துவிட்டேன். அதனால்தான் இந்தப் பதிவு.

கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் எங்கள் உளவியல் குறிப்பில் ஓட்டிசத்துக்கு ஒரு பக்கம் இருந்தது. லியோ கன்னர், 1943, பதினொரு பிள்ளைகள். பரீட்சைக்குப் பாடமாக்கினோம். அந்தப் பதினொரு பேரும் பிறகு என்ன ஆனார்கள் என்று குறிப்பில் இல்லை, நாங்களும் கேட்கவில்லை. இப்போது தேடி வாசித்தேன். கன்னரின் கட்டுரையில் முதலாவதாக வரும் பிள்ளை டொனால்ட் ட்ரிப்லெட். மிசிசிப்பியில் ஃபொரஸ்ட் என்ற சிற்றூர்க்காரர். வளர்ந்து அதே ஊரில் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் விளையாடினார், தனியாக நாடு நாடாகப் பயணம் போனார். 2023 இல் 89 வயதில் காலமானார். ஊர் அவரை அவர் போக்கில் விட்டு, கூடவும் வைத்துக்கொண்டது. அந்த ஒரு வாழ்க்கையை அந்தக் குறிப்பில் நாலு வரியில் சேர்த்திருந்தால் போதும், வகுப்பில் இருந்த எங்களில் யாராவது தன்னைப் பற்றியும் யோசித்திருப்போம்.

கன்னரின் பதினொரு பேரில் எட்டுப் பேர் ஆண்கள், மூன்று பேர் பெண்கள். ஆண் பிள்ளைகளின் விஷயம் என்றே உலகம் நீண்ட காலம் நினைத்தது. உண்மையில் கன்னருக்கும் முன்பே, 1925 இல், மொஸ்கோவில் குரூன்யா சுகாரேவா என்ற பெண் வைத்தியர் இப்படியான ஆறு பையன்களைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். பின்னர் பெண் பிள்ளைகளைப் பற்றியும் எழுதினார். அவருடைய பெயரே பல தசாப்தங்கள் வெளியே தெரியவில்லை.

நம் ஊரில் பெண் பிள்ளைக்கு இன்னொரு திரை இருக்கிறது. யாரோடும் அதிகம் கதைக்காத, முகம் பார்க்காத, விருந்தாளி வந்தால் அறைக்குள் போய்விடுகிற பையனை "என்ன இவன் இப்படி" என்று கேட்பார்கள். அதே பெண் பிள்ளை என்றால் "மாஷா அல்லாஹ், என்ன அடக்கம்!" எனக்கும் அந்தப் பாராட்டு நிறையவே கிடைத்தது. மற்றப் பிள்ளைகள் எப்போது சிரிக்கிறார்கள், சிரித்தால் எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று பார்த்துப் பழகினேன். ஸலாத்துக்குப் பதில் சொல்லிவிட்டு அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று மனதில் வரிசைப்படுத்தி வைத்திருப்பேன். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று நினைத்தேன். ஸ்டாஃப் ரூமில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கதைக்க, மேலே ஃபேன் கிறீச்சிட, மூன்றாவது ஆள் என்னிடம் நேரசூசி கேட்டால் தலைக்குள் எல்லாம் ஒன்றாகக் கொட்டும். மாலையில் வீட்டுக்கு வந்து விளக்கை அணைத்துவிட்டு ஒரு மணித்தியாலம் படுத்திருப்பேன். அதைப் பெருமை, தலைக்கனம் என்று சொன்னவர்களும் உண்டு.

வைத்தியர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, எத்தனை வயதில் கதைக்கத் தொடங்கினேன் என்பது. பெரியவர்களைப் பரிசோதிக்கும்போதும் சிறுவயது விவரம் கேட்பார்கள், ஏனென்றால் ஓட்டிசம் பிறவியிலேயே இருப்பது, இடையில் தொற்றுவதில்லை. நான் உம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன். எனக்கு இரண்டு வயதாக இருந்தது 1990. அந்த வருடம் ஒக்டோபர் கடைசியில்தான் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவில் இருந்து வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்தவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. "அந்த வருஷம் எந்தப் பிள்ளை ஒழுங்காக் கதைச்சது மகள்?" என்றார் உம்மா. என்னுடைய கிளினிக் அட்டை, ராத்தாவின் பாடசாலைச் சான்றிதழ்கள், உறுதிப் பத்திரம் எல்லாம் அங்கேயே போய்விட்டன. பிறகு புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்த காலத்தில் நான் வாய் திறக்காமல் இருந்தால் "பயந்த பிள்ளை", காதைப் பொத்தினால் "சண்டைச் சத்தம் கேட்ட பிள்ளை". இடம்பெயர்வுக்குள் எதையும் போட்டு மூடலாம். எங்கள் தலைமுறையில் இப்படி மூடுண்டு போனவர்கள் எத்தனை பேரோ.

(ஒரு இடைக்குறிப்பு: ஃபோன் கொடுத்ததால்தான் பிள்ளைக்கு ஓட்டிசம் வந்தது என்று தாய்மாரைக் குற்றஞ்சாட்டுகிறவர்களுக்கு. அந்தக் கொட்டிலில் கரண்டே இல்லை.)

பிரயோசனம் என்ன என்று கேட்டீர்களே. கலியாண வீட்டுக்கு இப்போது முதல் ஆளாகப் போய், சத்தம் கூடுவதற்குள் பெண்ணைப் பார்த்து துஆச் செய்துவிட்டு வந்துவிடுகிறேன். அதிபரிடம் பொறுப்புகளை எழுத்தில் தரச் சொல்லிக் கேட்டேன், தருகிறார். என் கணவருக்கு நான் ஏன் திடீரென்று பேச்சை நிறுத்துகிறேன் என்று தெரியும், அதைக் கோபம் என்று எடுப்பதில்லை. பதினைந்து வருடமாக என்னை நானே "உனக்கு என்ன கேடு" என்று கேட்டது நின்றிருக்கிறது. மருந்து எதுவும் இல்லை. ஒரு பெயர் கிடைத்தது, அவ்வளவுதான்.

ஒரு தாய் எனக்கு எழுதினார்: "நீங்க கதைக்கிறீங்க, படிப்பிக்கிறீங்க. என் மகனுக்குப் பதினாலு வயசு, இன்னும் பாத்ரூமுக்கு நான்தான் கூட்டிப் போறன். ரெண்டுக்கும் ஒரே பேரா?" நியாயமான கோபம். அவருடைய மகனுக்குத் தேவையான உதவி எனக்குத் தேவையில்லை, அந்தத் தாயின் நாளை நான் வாழவும் இல்லை. எனக்குப் பணம் ஒதுக்கச் சொல்லி யாரிடமும் கேட்கவும் மாட்டேன், முதலில் அந்தப் பையனுக்குத்தான். ஆனாலும் அவன் ஏன் பாங்கு சொல்லும் ஸ்பீக்கருக்குக் கீழே நின்று காதைப் பொத்தி அழுகிறான் என்று அவன் சொல்லாததை என்னால் ஓரளவு சொல்ல முடியும். சொன்னேன். தமிழில் ஓட்டிசம் பற்றி நல்ல எழுத்து இருக்கிறது, தமிழ்நாட்டில் எஸ். பாலபாரதியின் "ஆட்டிசம்: சில புரிதல்கள்" பெற்றோர் பலருக்குக் கைகொடுத்த புத்தகம். நான் கண்டதெல்லாம் பெற்றோர் பெற்றோருக்கு எழுதியவை. வளர்ந்த ஓட்டிசக்காரர் தன்னைப் பற்றித் தானே தமிழில் எழுதினால் அந்தத் தாய்மாருக்கும்தான் உதவும்.

2009 இல் வெளியான இலங்கை ஆய்வொன்று, ஒன்றரை முதல் இரண்டு வயது வரையான பிள்ளைகளில் 93 பேருக்கு ஒருவர் என்று கணக்கிட்டது. அந்தக் கணக்கில், உயிலங்குளத்திலும் சுற்றுப்புறத்திலும் உள்ள பாடசாலைகளில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசியுங்கள். விசேட கல்வி வகுப்பில் இருப்பவர்கள் மட்டுமில்லை. கடைசி வாங்கில் சத்தமில்லாமல் நல்ல புள்ளி எடுக்கிற பிள்ளையும் அதில் இருக்கலாம். அவளுக்கு யாரும் பெயர் சொல்லாததற்குக் கலியாணம் ஒரு பெரிய காரணம். "வெளியே தெரிந்தால் மாப்பிள்ளை வராது, தங்கச்சிக்கும் வராது" என்று என்னிடமே சொன்ன பெற்றோர் உண்டு. மறைத்தால் அவள் கலியாணத்துக்குப் பிறகு மாமி வீட்டில் இருபது பேருக்கு நடுவில் நின்று, ஏன் முடியவில்லை என்று தெரியாமலே உடைவாள்.

உங்களுக்கும் சந்தேகம் இருந்தால், வைத்தியரிடம் போகும்போது பழைய ரிப்போர்ட் கார்டுகள் இருந்தால் எடுத்துப் போங்கள், ஆசிரியரின் குறிப்பு வரிகள் உதவும். அட்டை, கார்டு எதுவும் இல்லாத என் போன்றவர்கள் சிறுவயதில் தெரிந்த ஒருவரையாவது கூட்டிப் போங்கள். எனக்கு ராத்தா வந்தா. உம்மா மறந்ததையெல்லாம் அவ ஞாபகம் வைத்திருந்தா.

கொமன்டில் ஓதிப் பார்க்கிற விலாசமோ மருந்தோ போட வேண்டாம். கேள்வி இருந்தால் இன்பொக்ஸில் எழுதுங்கள். பதில் வர இரண்டு மூன்று நாள் எடுக்கும். தயவுசெய்து கோல் எடுக்க வேண்டாம்.