லாரி வருவதற்கு முன்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரந்தாவ் தாமான் வீடுகளில் இரண்டு குரல்கள் கட்டாயம் கேட்கும். ஒன்று யார் வீட்டுச் சமையலறையிலாவது பாடிக்கொண்டிருக்கும் வானொலி. இன்னொன்று, மெதுவாக ஊர்ந்து வரும் பழைய சாமான் லாரி. "சூராட் காபார் லாமா..." என்று இழுத்துக் கூப்பிடும் அந்தப் பதிவுக் குரலை மலேசியாவில் கேட்காதவர் இருக்க முடியாது. நானும் குரலை வைத்துப் பிழைப்பவள்தான். உள்ளதைச் சொல்கிறேன், அந்தக் குரலுக்கு இருக்கிற நேயர்கள் எங்களில் யாருக்கும் இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு, அந்த லாரிக்காகவே நான் ரந்தாவில் காத்திருந்தேன்.

பெரியப்பாவுக்கு 77 வயது, பெரியம்மாவுக்கு 72. இருபத்திரண்டு ஆண்டுகளாக இருந்த தாமான் வீட்டை விட்டுவிட்டு, சிரம்பானில் அக்கா வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறார்கள். 650 சதுர அடி. மின்தூக்கி உண்டு. பெரியப்பாவின் முழங்காலுக்கு மாதாமாதம் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டியிருப்பதால், எல்லாருமாகப் பேசி எடுத்த முடிவு. இருக்கிற வீட்டில் மூன்று அறை, பின்னால் இழுத்துக் கட்டிய சமையலறை, அதற்கும் பின்னால் தகரக் கொட்டகை. இவை அத்தனையும் 650 சதுர அடிக்குள் போகாது என்பதற்குக் கணக்குப் படித்திருக்க வேண்டியதில்லை.

வீட்டைக் காலி செய்யும் வேலையை நான் வாங்கிக்கொண்டேன். மரி கோண்டோவின் நெட்பிளிக்ஸ் தொடரை 2019-இல் ஒரே வாரத்தில் பார்த்து முடித்தவள் நான். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, இது எனக்கு மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்; தராவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டும். அதுதான் அந்த ஜப்பானியப் பெண்மணியின் வழி. மூன்று பெரிய அட்டைப் பெட்டி வாங்கிப் போனேன். 'வைப்பது', 'கொடுப்பது', 'வீசுவது' என்று எழுதி ஒட்டினேன். கருப்புக் குப்பைப் பை ஒரு கட்டும் கையில்.

முதலில் கண்ணில் பட்டது தகரக் கொட்டகையில் கிடந்த ஆட்டுக்கல்.

"பெரியம்மா, இதப் பார்த்தா ஒங்களுக்குச் சந்தோசம் வருதா?"

பெரியம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஆட்டுக்கல்லு என்னாத்தச் சந்தோசம் குடுக்கும்? இடுப்பு வலிதான் குடுத்துச்சு."

"அப்ப வீசிடலாமா?"

"வலிச்சாலும் எட்டுப் பேருக்குத் தோசை ஊத்துன கல்லு. நீ பாட்டுக்கு வீசிடுவியா?"

மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது 'வீசுவது' பெட்டியில் இரண்டே பொருள் இருந்தன. கைப்பிடி உடைந்த ஒரு குடை, காலாவதியான ஒரு தைலக் குப்பி. அந்தக் குப்பியையும் பெரியம்மா கழுவி வெளியே எடுத்துவிட்டார். தேங்காய் எண்ணெய் ஊற்றி வைக்க ஆகுமாம்.

எனக்குக் கோபம்தான் வந்தது. "இப்படிச் சேத்து வச்சா எப்படிப் பெரியம்மா?" என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். அதுவரை வாயே திறக்காத பெரியப்பா அப்போதுதான் பேசினார்.

"நாங்க ஒரு தடவ எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவங்கம்மா. அதான்."

அந்தக் கதையை நான் துண்டு துண்டாகக் கேட்டிருக்கிறேன். முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

பெரியப்பா ரந்தாவுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கேயே பால்மரம் சீவி, கடைசிக் காலத்தில் செம்பனைக் குலை வெட்டி, 2003-இல் 55 வயதில் வேலையை விட்டவர். ஓய்வு வயதை 60 ஆக்கிய சட்டம் 2013 ஜூலை முதல் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. அவருக்கு அது பத்து ஆண்டு தாமதம். குறைந்தபட்சச் சம்பளமும் அப்படித்தான். தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட் என்று அது வந்ததும் 2013-இல்தான். இவர் நாள் கூலியை எண்ணியே வாழ்ந்து முடித்தவர்.

தோட்டத்து வேலையில் ஒரு விஷயத்தை நம் தலைமுறை மறந்துவிடுகிறது. வீடு வேலையோடு சேர்ந்தது. பெரட்டில் பெயர் கூப்பிடும்வரைதான் லயத்து வீடு. பெயர் நின்றால் வீடும் நின்றது. மற்றவர்கள் ஓய்வு பெற்றால் வீட்டில் இருப்பார்கள். தோட்டத்து மக்கள் ஓய்வு பெற்றால் வீட்டை விட்டுப் போவார்கள். பிறந்ததிலிருந்து இருந்த வீடாக இருந்தாலும் சரி.

சேமநிதிப் பணத்தை வைத்து இந்த மலிவு விலை வீட்டை வாங்கினார்கள். சாமான் ஏற்றக் கிடைத்தது ஒரு லாரி, ஒரே நடை. அதில் கட்டில், பாத்திரம், சாமி படம், தையல் மெஷின் எல்லாம் ஏறின. ஏறாதவை எவை என்று கேட்டேன். பெரியம்மா கதவோரம் வந்து நின்றபடி பட்டியல் போட்டார். இரண்டு மாடு. அவற்றை வந்த விலைக்கு விற்றார்கள். ஆட்டுக் கொட்டகை. வீட்டோரம் வைத்த முருங்கை, கருவேப்பிலை, நாலு தென்னை. தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு வாங்கிக் கொடுத்த குத்துவிளக்கு. அக்காவின் தொப்புள்கொடி புதைத்த இடம்.

"அன்னிக்கு எதை எடுக்குறது, எதை விடுறதுன்னு எங்களை யாரும் கேக்கல. லாரிக்காரன் 'போதும், ஏத்த முடியாது'ன்னான். அவ்ளோதான்."

நான் மூன்று பெட்டியோடு வந்து நின்றபோது பெரியம்மாவின் காதில் விழுந்தது அந்த லாரிக்காரரின் குரல் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நம் ஆட்களிடம் இந்தப் பயம் 2003-இல் தொடங்கியதல்ல. 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, குடும்பம் குடும்பமாக வேலையும் வீடும் ஒன்றாகப் போயின. அதைத் தடுக்கத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கினார். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, ஆயிரக்கணக்கானோர் தமிழ்நாட்டுக்கே கப்பலேறினார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான் இருந்தது. கையில் எவ்வளவு தூக்க முடியும்?

சுவீடனில் மார்கரெட்டா மாக்னுசன் என்ற மூதாட்டி 2017-இல் ஒரு புத்தகம் எழுதி உலகம் முழுக்கப் பேசப்பட்டார். நாம் போவதற்கு முன் நம் சாமான்களை நாமே குறைத்துவிட வேண்டும், பிள்ளைகள் தலையில் கட்டக்கூடாது என்பது அவர் சொல்வது. நல்ல யோசனைதான். ஆனால் பொருள் மிதமிஞ்சிப் போன வீட்டுக்குச் சொன்ன மருந்து அது. இழந்து பழகியவர்கள் சேர்த்து வைத்த வீட்டில் நுழையும்போது கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்க வேண்டும்.

நான் பெட்டிகளில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்தேன். கேள்வியையும் மாற்றினேன். "வைக்கலாமா, வீசலாமா" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இது யாருக்குப் பெரியம்மா?" என்று கேட்டேன்.

அதன் பிறகு வேலை ஓடியது. எவர்சில்வர் அடுக்கு மூத்த பேரனுக்கு, அடுத்த வருடம் கல்யாணம் வைத்திருக்கிறான். பித்தளைக் குடம் கோயிலுக்கு. தையல் மெஷின் எதிர் வீட்டுப் பெண்ணுக்கு, ஜாக்கெட் தைத்துச் சம்பாதிக்கிறவள். ஆட்டுக்கல்லைத்தான் யாரும் கேட்கவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, தாமரை வைக்கத் தண்ணீர்த் தொட்டியாக எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். பெரியம்மா யோசிக்கவே இல்லை. "தண்ணி ஊத்தி வச்சிருப்பாங்க இல்ல? காயாம இருந்தா போதும்." கொடுக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொன்னார். நான் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டேன். பொருள் போனாலும் குரல் என்னிடம் இருக்கிறது.

நான்கு மணி வாக்கில் அந்த லாரிச் சத்தம் தூரத்தில் கேட்டது. பழைய பேப்பர், தகரம், ஓட்டைப் பானை எல்லாம் வாசலில் குவித்திருந்தோம். கட்டிலுக்கு அடியில் மிச்சமிருந்த ஒரு டிரங்குப் பெட்டியை இழுத்தேன். துருப் பிடித்துப் பூட்டு போன பெட்டி. பெரியப்பாவின் அம்மா 1937-இல் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறியபோது கொண்டுவந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1938-இல், இந்திய அரசாங்கம் மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதை நிறுத்திவிட்டது. உள்ளே ஒரு சேலை, அதற்கு அடியில் ஒரு ரொட்டி டின். டின்னை எடுத்து அப்படியே தகரக் குவியலில் போட்டேன்.

"தெறந்து பார்த்தியா?" என்றார் பெரியம்மா.

திறந்தேன். நாலாய் மடித்த, ஓரம் செல்லரித்த காகிதங்கள். ஒன்று ஆங்கிலத்தில் இருந்த பிறப்புப் பத்திரம். 1952. அத்தையுடையது.

அத்தை என்றால் பெரியப்பாவின் தங்கை. இந்த மண்ணிலேயே பிறந்து, இன்றுவரை சிவப்பு அடையாளக் கார்டோடு இருப்பவர். வயது 73. எத்தனை தேர்தல் வந்து போயிற்று, ஒருமுறைகூட ஓட்டுப் போட்டதில்லை. குடிமக்களுக்கு என்று வரும் உதவித்தொகை எதுவும் அவருக்கு இல்லை. மெர்டேக்காவுக்கு முன் இங்கே பிறந்தவர்கள் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ள அரசியல் சாசனத்தின் 16-ஆம் பிரிவில் வழி உண்டு. ஆனால் இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். 60 வயது தாண்டிய சிவப்பு அட்டை இந்தியர்களுக்குக் குடியுரிமை தரப்போவதாக 2018-இல் அரசாங்கம் அறிவித்தபோதும் அத்தை பாரம் வாங்கி வந்தார். தேடியபோதெல்லாம் அவர் பெயரில் பதிவு இல்லை என்றே பதில் வந்தது. ஏன் என்று அந்தக் காகிதத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவர் பெயர் அதில் வேறு மாதிரி எழுதப்பட்டிருந்தது. அப்பா பெயரிலும் இரண்டு எழுத்து விடுபட்டிருந்தது.

பெரியம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. அது என்ன காகிதம் என்றும் தெரியாது. "மாமியா சொன்னாங்க, இந்தப் பெட்டிய மட்டும் விட்டுடாதன்னு. அன்னிக்கு லாரியில எடமில்லன்னு சொன்னான். மடியில வச்சிக்கிட்டு வந்தேன்."

வாசலில் லாரி வந்து நின்றிருந்தது. பத்து நிமிடம் முந்தி வந்திருந்தால் அந்த டின் கிலோ கணக்கில் போயிருக்கும்.

அத்தையின் விண்ணப்பம் இப்போது போயிருக்கிறது, பெயர் திருத்தத்துக்கான சத்தியப் பிரமாணத்தோடு. கிடைக்குமா, எப்போது கிடைக்கும் என்பதெல்லாம் இனிமேல்தான். கையில் காட்ட ஒரு காகிதம் இருக்கிறது என்பதே அவருக்கு இந்த வயதில் புதிது.

உங்கள் வீட்டிலும் அம்மா அப்பா சின்ன வீட்டுக்கு மாறப் போகிறார்களா? நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் காகிதம், பிறகுதான் சாமான். பிறப்பு, திருமண, இறப்புப் பத்திரங்கள், வீட்டு கிராண்ட், சேமநிதி, சொக்சோ கடிதங்கள், தோட்டத்துப் பழைய ரசீதுகூட. ஒவ்வொன்றையும் பிரித்துப் படித்து, படம் எடுத்து, ஒரே கோப்பில் வையுங்கள். சேமநிதியில் வாரிசு பெயர் கொடுத்திருக்கிறார்களா என்பதையும் அப்போதே பாருங்கள். மூடிய டின் எதையும் திறக்காமல் வீசாதீர்கள்.

புது வீட்டை நாடா வைத்து அளந்து வாருங்கள். கதவு, மின்தூக்கி, சமையலறை எல்லாவற்றையும். "அலமாரி நுழையாது" என்று பிள்ளை சொன்னால் அது சண்டை. நாடா சொன்னால் அது கணக்கு.

சமையலறையில் தொடங்கிப் படங்களில் முடியுங்கள். படத்தில் கை வைத்தால் அன்றைய வேலை அங்கேயே நின்றுவிடும். ஒரே நாளில் முடிக்கவும் பார்க்காதீர்கள். நாங்கள் ஐந்து ஞாயிறு எடுத்துக்கொண்டோம். பெரியவர்கள் தூங்கும்போது எதையும் எடுத்துப் போட வேண்டாம். ஒருமுறை அப்படிச் செய்தால் அதன் பிறகு எல்லாவற்றையும் ஒளித்து வைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

கடைசியாக ஒன்று. அன்று தகரக் கொட்டகையின் மூலையில் இரண்டு பெரிய பெட்டிகள் இருந்தன. "இது யாரோடது, இவ்ளோ கனமா?" என்று சலித்துக்கொண்டே திறந்தேன். என்னுடையவை. ஊடகத் துறைப் படிப்பை முடித்துக் கோலாலம்பூரில் வேலைக்குச் சேர்ந்தபோது, "கொஞ்ச நாளைக்கு இங்க இருக்கட்டும் பெரியம்மா" என்று விட்டுப்போன பாடக் குறிப்புகளும் கேசட்டுகளும். பதினாலு ஆண்டாகக் கரையான் அண்டாமல் இருக்க, வருடா வருடம் தீபாவளிக்கு முன் அவற்றை வெளியே எடுத்து வெயிலில் வைத்திருக்கிறார்கள்.

பெரியப்பா ஒரு பெட்டியை லாரிக்காரரின் தராசில் வைத்தார். கிடைத்த காசை என்னிடமே நீட்டினார். "இந்தா, ஒன் படிப்புக்கு வந்த காசு."

பெற்றவர்களிடம் சாமானைக் குறைக்கச் சொல்லப் போகிறவர்கள், போகும்போது ஒரு காலிப் பெட்டியையும் எடுத்துப் போங்கள். அவர்கள் வீட்டில் இன்னும் இருக்கும் உங்கள் சாமான்களுக்கு.