நூற்றாண்டுக் கொடியும் ஓராண்டு விலையும்

மது அருந்துமாறு எவரையும் தூண்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. நான் எழுத விரும்புவது, வைன் தரும் சில முதிய கொடிகளைப் பற்றி. அவற்றின் வயது 180 ஆண்டுகளுக்கு மேல்.

தென் அவுஸ்திரேலியாவின் பரோஸா பள்ளத்தாக்கில் தனுண்டா என்ற சிற்றூர் உள்ளது. பிரஷ்யாவில் மதக் கெடுபிடிக்கு ஆளான லூதரன் கிறிஸ்தவர்கள் 1840களில் குடியேறிய பகுதி அது. அவர்களுள் ஒருவரான கிறிஸ்டியன் ஓரிக்ட் 1843இல் நட்ட ஷிராஸ் திராட்சைக் கொடிகள் இன்றும் காய்க்கின்றன. லாங்மெயில் நிறுவனம் அவற்றின் பழத்திலிருந்து சிவப்பு வைன் தயாரிக்கிறது.

ஷிராஸ் என்றதும் பாரசீக நகரமே நினைவுக்கு வரும். ஆயினும், இவ்வினத்தின் தாயகம் பிரான்ஸ் என்பதை மரபணு ஆய்வு 1990களின் இறுதியில் தெளிவாக்கியது. அந்தத் தாயகத்திலோ இத்துணை முதிய கொடிகள் அரிது. வட அமெரிக்காவிலிருந்து வந்த பிலொக்செரா என்ற நுண்ணிய பூச்சி, 1860கள் தொடக்கம் வேர்களை உறிஞ்சி பிரான்ஸின் தோட்டங்களை அழித்தது. அமெரிக்கக் கொடிகளின் வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டியே அங்கு செய்கையை மீட்டனர்.

1877இல் அப்பூச்சி அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் கண்டறியப்பட்டது. அயலிலிருந்த தென் அவுஸ்திரேலியா விழித்துக்கொண்டது. 1899இல் இதற்கெனவே சட்டம் இயற்றி, வெளியிலிருந்து கொடிகள் வருவதைக் கட்டுப்படுத்திற்று. அதன் பயனாகவே பழைய கொடிகள் தப்பின.

பூச்சியிடமிருந்து காத்த அரசு, சந்தையிடமிருந்து காக்கவில்லை. 1980களில் வெள்ளை வைனே நாகரிகம் என்றாயிற்று. சிவப்புத் திராட்சை தேங்கியது. கொடிகளைப் பிடுங்கும் விவசாயிகளுக்கு அரசே பணம் கொடுத்தது. தலைமுறைகள் கண்ட ஷிராஸ் கொடிகள் வேரோடு சாய்ந்தன. சில ஆண்டுகளே சென்றன. அதே முதிய கொடிகளின் வைனை உலகம் தேடத் தொடங்கியது. சாய்த்தவற்றை எப்பணம் மீட்டுத் தரும்?

எஞ்சியவை சிலரது பிடிவாதத்தால் எஞ்சின. பீற்றர் லீமன் அவர்களுள் ஒருவர். 1970களின் இறுதியில், திராட்சை வாங்க வேண்டாமென்று அவர் பணியாற்றிய நிறுவனம் கட்டளையிட்டது. விவசாயிகளுக்குத் தாம் கொடுத்த வாக்கே பெரிதென எண்ணிய அவர், தனியே தொழில் தொடங்கி அவர்களது அறுவடையை வாங்கினார். அரசின் திட்டத்தை விட, ஒரு மனிதரின் சொல் அங்கே உறுதியாக நின்றது.

2009இல் பரோஸா உற்பத்தியாளர்கள் கொடிகளை வயதின்படி வகுத்தனர். 35 ஆண்டைக் கடந்தது பழங்கொடி. 125 ஆண்டைக் கடந்தது மூதாதைக் கொடி. இது நல்ல முயற்சி. ஆனால் வயதை அறிவிப்பது வேறு, வெட்டுவதைச் சட்டத்தால் தடுப்பது வேறு.

2020இன் இறுதியில் சீனா விதித்த கடும் வரி 2024 மார்ச்சில் நீங்கியது. இடையில் சிவப்பு வைன் மீண்டும் தேங்கியது. கொடிகளை அகற்றும் பேச்சும் மீண்டும் எழுந்தது. நட்டத்தில் தவிக்கும் விவசாயியிடம் பெருமை பேசிப் பயனில்லை. எல்லாக் கொடிகளையும் காக்கவும் இயலாது. ஆனால் நூறாண்டைக் கடந்தவற்றை அக்கணக்கிலிருந்து விலக்குங்கள். முதிய கொடி குறைவாகவே காய்க்கும். அதன் பொருட்டு ஏற்படும் இழப்பை அரசு ஈடுசெய்யட்டும். பிடுங்குவதற்குப் பணம் கொடுக்க முடிந்த அரசுக்கு, வைத்திருப்பதற்குக் கொடுக்க முடியாதா?

விலை அடுத்த ஆண்டே ஏறலாம். கொடிக்கு மீண்டும் 180 ஆண்டுகள் வேண்டும்.