கேமரா கடைக்காரர்



1978-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் டியூபோஸ் பூங்காவுக்கு ஒரு நகர மன்ற உறுப்பினர் நிருபர்களை வரவழைத்தார். வளர்ப்பு நாய் பொது இடத்தை அசுத்தம் செய்தால் அதை வளர்ப்பவரே அள்ளியாக வேண்டும் என்பது அவர் கொண்டுவந்த சட்டம். அதை விளக்கிக்கொண்டே நடந்தவர், டிவி கேமராக்கள் பார்த்திருக்க ஓரிடத்தில் சரியாக மிதித்துவிட்டுக் காலைத் தூக்கிக் காட்டினார். மறுநாள் ஊர் முழுக்க அதே பேச்சு. முன்கூட்டியே பார்த்து வைத்திருந்த இடம்தான் அது!

அவர் பெயர் ஹார்வி மில்க். தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு கலிபோர்னியாவில் தேர்தலில் நின்று ஜெயித்த முதல் மனிதர். (அமெரிக்காவில் அவருக்கு முன்னோடிகள் உண்டு. 1974-லேயே மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகர மன்றத்துக்கு, கேத்தி கோசசென்கோ என்ற 21 வயதுப் பெண் வென்றிருக்கிறார். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.) மில்க்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் தோன்றுவது அவருடைய மரணம் அல்ல, இந்தப் பூங்காதான்.

1930-இல் நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். கடற்படையில் இருந்தார், பள்ளியில் பாடம் நடத்தினார், வால் ஸ்ட்ரீட்டில் வேலை பார்த்தார். ஏறக்குறைய நாற்பது வயதுவரை தன்னைப் பற்றிய உண்மையை வெளியில் சொல்லாமலே காலம் தள்ளினார். 1972-இல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் குடிவந்து, அடுத்த ஆண்டு காஸ்ட்ரோ தெருவில் 575-ஆம் எண் கட்டடத்தில் ஒரு கேமரா கடை திறந்தார். வியாபாரம் சுமார்தான். ஆனால் வீட்டுக்காரர் விரட்டிவிட்டார், போலீஸ் அடித்துவிட்டது, வேலை போய்விட்டது என்று வருகிறவர்களுக்கெல்லாம் அங்கே உட்கார இடம் இருந்தது.

கடை திறந்த அதே ஆண்டு முதல்முறையாக நகர மன்றத் தேர்தலில் நின்றார். 32 பேரில் பத்தாவது இடம். 1975-இல் மறுபடியும் தோல்வி. 1976-இல் மாநிலச் சட்டமன்றத்துக்கு நின்று, நாலாயிரத்துக்கும் குறைவான ஓட்டுகளில் தோற்றார். இந்தத் தோல்விகளுக்கு நடுவேதான் அவர் அரசியல் கற்றார். கூர்ஸ் பீரைப் புறக்கணிக்கும்படி லாரி ஓட்டுநர்களின் தொழிற்சங்கம் அழைப்பு விடுத்தபோது, தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் பார்களில் ஏறி இறங்கி அந்த பீரை நிறுத்த வைத்தார். பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றுதான்: எங்கள் ஆட்களுக்கும் ஓட்டுநர் வேலை கொடுங்கள். கரடுமுரடான அந்தத் தொழிலாளர்கள் அன்றிலிருந்து அவருக்கு ஓட்டு கேட்டார்கள்.

நகரம் முழுவதும் சேர்ந்து உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை மாறி, 1977-இல் வார்டுக்கு ஒருவர் என்று ஆனது. அந்த நவம்பரில் மில்க் ஜெயித்தார். கடைவாசலில் தினம் பார்க்கிற முகத்துக்கு மக்கள் ஓட்டுப் போட்டார்கள்.

பதவியில் இருந்தது பதினொரு மாதங்கள்கூட இல்லை. அதற்குள், வேலையிலும் வாடகை வீட்டிலும் தன்பாலீர்ப்பாளர்களை ஒதுக்குவதைத் தடுக்கும் நகரச் சட்டம் நிறைவேறியது. 11 உறுப்பினர்களில் எதிர்த்தவர் ஒரே ஒருவர், டான் வைட். அதே ஆண்டு, தன்பாலீர்ப்பாளர்களான ஆசிரியர்களை அரசுப் பள்ளிகளிலிருந்து நீக்க வழிசெய்யும் 'ஆறாவது முன்மொழிவு' கலிபோர்னியாவில் பொது வாக்கெடுப்புக்கு வந்தது. அதை எதிர்த்து, பேராசிரியர் சாலி கியர்ஹார்ட்டும் மில்க்கும் மேடை மேடையாக வாதாடினார்கள். ஒருகாலத்தில் ஆசிரியராக இருந்தவருக்கு இது சொந்த வழக்கு அல்லவா! தன்னைப் போன்றவர்களிடம் அவர் திரும்பத் திரும்பக் கேட்டது, பெற்றோரிடம் சொல்லுங்கள், நண்பர்களிடம் சொல்லுங்கள், கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லுங்கள் என்பதுதான். தங்களுக்குத் தெரிந்தவர் என்று ஆகிவிட்டால் ஜனங்கள் கைவிட மாட்டார்கள் என்று நம்பினார். நவம்பர் 7 அன்று அந்த முன்மொழிவு பத்து லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் தோற்றது.

இருபதாவது நாள், பதவியை ராஜினாமா செய்துவிட்டு அதைத் திரும்பக் கேட்டுக் கிடைக்காத டான் வைட், நகர மன்றக் கட்டடத்துக்குள்ளேயே மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியையும் மில்க்கையும் சுட்டுக் கொன்றார். மில்க்குக்கு வயது 48. இரண்டு உயிர்களுக்கு நீதிமன்றம் விதித்தது ஏழு ஆண்டு எட்டு மாதம். அதில் ஐந்து ஆண்டுகளே சிறை. இன்று படித்தாலும் மனம் ஆறவில்லை.

இப்படி நடக்கலாம் என்று அவர் எதிர்பார்த்தே இருந்தார். ஓராண்டு முன்பே ஒலிநாடாவில் உயில் போலப் பேசி, தன் இடத்துக்கு யார் வரலாம் என்று சில பெயர்களையும் சொல்லியிருந்தார். அவர்களில் ஒருவரான ஹாரி பிரிட் அந்த இடத்துக்கு நியமிக்கப்பட்டார்.

ஒரு சம்பவத்தை மில்க் மேடைகளில் சொல்வது வழக்கம். ஜெயித்த சில நாட்களில் பென்சில்வேனியாவின் அல்டூனா என்ற ஊரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. இளம் குரல். நன்றி என்று மட்டும் சொன்னதாம்.

அப்படி ஒரு குரல் உங்கள் வீட்டிலும் இருக்கலாம், அது நீங்களாகவும் இருக்கலாம். எங்களுக்கு எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் போடமாட்டோம். கடிதம் என் கைக்கு வரும், நானே படிப்பேன்.

அன்புடன்,
ஆசிரியர்