குதிரை ஓடுது, கணக்குதான் ஓடலை

டிஸ்கி: நான் ரேஸ் ஆடுறவன் இல்லை. உங்களை ஆடச் சொல்லவும் இல்லை. எண்களைப் பார்த்தா கை அரிக்கிற வியாதி உள்ள ஒரு சாஃப்ட்வேர்காரன், அவ்வளவுதான். :-)

குதிரை ரேஸ்னாலே நம்ம ஊர்ல "குடும்பத்தை அழிக்கிற சமாச்சாரம்"னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. சட்டம் வேற சொல்லுது. 1996-ல் டாக்டர் கே.ஆர்.லக்ஷ்மணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமை சார்ந்த விளையாட்டுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. ஆனா வரி போடும்போது மட்டும் லாட்டரி, கேசினோ வரிசையிலதான் ரேஸும் நிக்குது. 28 சதவீதமா இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22-லிருந்து 40 சதவீதம்.

40 அதிகம்னு நான் அழப்போறதில்லை. எதுக்கு 40 என்பதுதான் என் கேள்வி. கிளப் எடுத்துக்கிற கமிஷனுக்கு இல்லை சாமி, கட்டுற மொத்தப் பணத்துக்கும்!

டோட்டில் எப்படின்னா, எல்லாரும் கட்டுற பணம் ஒரே உண்டியலில் விழும். கிளப் தன் பங்கை எடுத்துக்கிட்டு மிச்சத்தை ஜெயிச்சவங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்கும். ஒரு பேச்சுக்கு கிளப் பங்கு 20 சதவீதம்னு வச்சுக்குவோம். 100 ரூபாய் பந்தயத்துக்கு வரியோட 140 ரூபாய் போகுது. திரும்ப வர்றது சராசரியா 80. கையில 1000 ரூபாயோட வந்தவன், வர்றதை எல்லாம் அப்படியே திரும்பக் கட்டினா மூணாவது ரேஸ் முடியும்போது சராசரியா 187 ரூபாய்தான் மிஞ்சும். வரியைக் கமிஷனில் மட்டும் எடுத்தா, அதே மூணு ரேஸுக்குப் பிறகு 512 இருக்கும்.

இது தெரிஞ்சவன் என்ன பண்ணுவான்? ரேஸை விடமாட்டான், டோட்டை விட்டுட்டு கள்ள புக்கிகிட்ட போவான். அங்கே வரியும் இல்லை, ரசீதும் இல்லை. அரசாங்கத்துக்கு 40 சதவீதம் கிடைக்கும், ஆனா எதுல 40 சதவீதம்? சைபர்ல!

குதிரை முதலாளிக்கும் அடி இங்கேதான். பரிசுப் பணத்தில் பெரும்பங்கு டோட் வருமானத்திலிருந்துதான் வரணும். டோட் காய்ஞ்சா பரிசு குறையும். ஆனா பயிற்சியாளர் கட்டணம், தீனி, லாடம், டாக்டர்னு செலவு மாசாமாசம் வந்துக்கிட்டே இருக்கும். முதலாளி குதிரையை வித்துட்டு ஒதுங்கிடுவார். லாயத்தில் அதைத் தேய்ச்சுக் குளிப்பாட்டின ஆள் எங்கே ஒதுங்குவார்?

ஹாங்காங்கைப் பாருங்க. 1996-97-க்கு அப்புறம் ஏறக்குறைய பத்து வருஷம் அங்கே பந்தயப் பணம் சரிஞ்சுக்கிட்டே வந்தது. 2006-ல் வரியை மொத்தப் பணத்திலிருந்து எடுத்து கிளப்பின் மொத்த லாபத்து மேல மாத்தினாங்க. விகிதம் 72.5 முதல் 75 சதவீதம். நம்ம 40-ஐ விட எவ்வளவு அதிகம் பாருங்க! ஆனா எதன் மேல வரி என்பது சரியா இருந்தது. அதனால 10,000 ஹாங்காங் டாலருக்குக் குறையாம கட்டித் தோத்தவங்களுக்கு 10 சதவீதம் திருப்பித் தர கிளப்பால முடிஞ்சது. கள்ள புக்கிகிட்ட போன பெரிய ஆளுங்களைத் திரும்ப இழுக்கத்தான் இது. 2013-14-ல் பந்தயப் பணம் 10,000 கோடி ஹாங்காங் டாலரைத் தாண்டிடுச்சு. இங்கிலாந்தும் 2001-லேயே இதே மாதிரி லாபத்து மேல வரின்னு மாறியாச்சு.

பழியை முழுக்க அரசாங்கத்து மேல போட்டுட்டு கிளப்புகள் நழுவவும் கூடாது. ஹாங்காங் கிளப்பின் தளத்தில் ஒவ்வொரு குதிரையின் மருத்துவக் குறிப்பு, ஓட்டத்தைத் துண்டு துண்டாப் பிரிச்ச நேரம், ஸ்டூவர்டுகள் அறிக்கை எல்லாம் இலவசமாப் படிக்கலாம். திறமை விளையாட்டுன்னு கோர்ட்டில் வாதாடினா, திறமையைக் காட்டத் தேவையான தகவலையும் அதே மாதிரி தரணும் இல்லையா? மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், சென்னை கிளப்புகள் அஞ்சும் சேர்ந்து ஒரே இடத்தில் இதைக் கொடுத்தா என்ன? சத்தியமா இது ராக்கெட் விஞ்ஞானம் இல்லைங்க. நாலு டேபிள், ஒரு வெப்சைட்.

"சூதாட்டத்தை வளர்க்கச் சொல்றியா?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஆனா கள்ள புக்கி கடனுக்கும் பந்தயம் எடுப்பான், அப்புறம் வீட்டு வாசல்ல வந்து நிப்பான். குடும்பம் அழியறது அங்கேதான். கவுண்டர்ல காசைக் கட்டி ஆடுறவனை அந்தப் பக்கம் தள்ளிவிடுற வரிக்கு ஒழுக்கம்னு பேர் வைக்காதீங்க.

2024 செப்டம்பரில் கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தின் குத்தகையைத் தமிழக அரசு ரத்து செஞ்சது. சுமார் 160 ஏக்கர், 1945 ஒப்பந்தப்படி வருஷ வாடகை 614 ரூபாய் 13 காசு. இதைக் கேட்ட சாமானியன் கிளப்புக்காக ஏன் பரிதாபப்படணும்? அவனுக்கு அது என்னைக்கும் யாரோ பணக்காரங்க இடமாத்தானே இருந்தது.

அரசு வரியை லாபத்துக்கு மாத்தட்டும், கிளப்புகள் கணக்கைத் திறந்து வைக்கட்டும். பத்து ரூபாய் டிக்கெட் வாங்குறவனை மதிச்சா குதிரை முதலாளியும் பிழைப்பார். அவன் போயிட்டா ஓடுறதுக்குக் குதிரை இருக்கும், பார்க்கத்தான் ஆள் இருக்காது.